அழகிய காய்களும் ஆடும் காய்களும்

மனிதன் தேவைக்காக ஆக்கிக்கொண்ட பொருள்கள் பல. தேவையின்றி ஆசைக்காகச் சேர்த்துக்கொண்ட பொருள்கள் அவற்றினும் பல. இவ்விரு வகைக்கும் நடுவே நிற்பன சில உள. குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டம், மூக்குப்பேணி முதலியவற்றை அவ்வகையிற் சேர்க்கலாம். ஒளி தருதற்கு ஓர் அகல் போதும். ஆயினும், அன்னம் தலையில் அமர்ந்த குத்துவிளக்கையே நம் இல்லங்கள் விரும்புகின்றன. சதுரங்கக் காய்களும் இத்தகையனவே. ஆட்டத்துக்கு வேண்டுவன 64 கட்டங்களும் 32 அடையாளங்களும் மாத்திரமே. கடதாசித் துண்டுகளில் எழுத்தெழுதி வைத்தும் ஆடலாம்; எம் மாணாக்கர் சிலர் வகுப்பறையின் பின்வாங்கில் அவ்வாறு ஆடுவதை நாம் கண்டும் காணாதார்போல் இருந்ததுண்டு. அங்ஙனமாகவும், தந்தத்திலும் கருங்காலியிலும் காய்களைச் செதுக்குவித்து உடைமையாக்கிக்கொள்ள மனிதர் தலைமுறை தலைமுறையாக ஏன் ஆசைப்பட்டனர்? இவ்வினாவுக்கு விடை தேடும் வாய்ப்பு இலண்டன் மாநகரில் எமக்குக் கிட்டியது.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதக் கல்லூரி விடுமுறையில், இலண்டனில் வாழும் எம் தங்கையின் இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தோம். புறப்படுமுன் தந்தையாரிடம் விடைபெற்றபோது, எண்பது வயதைக் கடந்த அவர், "அங்கே பழங்காலத்துச் சதுரங்கக் காய்கள் இருக்குதாம், தம்பி. வடிவாய்ப் பார்த்து வந்து சொல்லு" என்றார். வேறெதுவும் அவர் கேட்டிலர். ஆதலால், போய்ச் சேர்ந்த மூன்றாம் நாட் காலையிலேயே, தங்கை மகன் வழிகாட்டப் பிரித்தானிய நூதனசாலையை நோக்கிச் சென்றோம். சிறுவனுக்கு வயது பதின்மூன்று. தன் பாடசாலைச் சதுரங்கக் குழுவில் ஆடுபவன்.

1753 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1759 இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்நூதனசாலை, கிரேக்கக் கோயிலொன்றைப் போன்று பெருந்தூண்கள் வரிசையாய் முன்னிற்க, கம்பீரமாகக் காட்சியளிக்கின்றது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. "நேரே மேலே போவோம் மாமா; கீழே நின்றால் எகிப்திலேயே பொழுது போய்விடும்" என்றான் சிறுவன். அவன் கூறியது மெய்யே. எகிப்திய மன்னரின் கற்சிலைகளைக் கடைக்கண்ணாற் பார்த்தவண்ணம் படியேறி, மத்தியகால ஐரோப்பாவுக்குரிய 40 ஆம் கூடத்தை அடைந்தோம்.

ஆங்கே, கண்ணாடிப் பேழையொன்றினுள், ஓர் அரசவையே எம்மை எதிர்நோக்கி வீற்றிருந்தது. பெரிய காய்களின் உயரம் ஒரு சாணிற் பாதிக்குச் சற்றுக் குறைவு எனலாம். அரசர்கள் மடிமீது வாளைக் கிடத்தி, இரு கைகளாலும் பற்றியவாறு சிங்காதனத்தில் அமர்ந்திருக்கின்றனர். அரசியர் வலக்கையைக் கன்னத்தில் வைத்து, யாதோ துயரச் செய்தி கேட்டவர்போல் விழித்திருக்கின்றனர். நம்மூர்ப் பாட்டிமார் கண்டிருப்பின், "கன்னத்திலே கை வையாதே பிள்ளை" என்று அதட்டியிருப்பர். கூர்முடி தரித்துத் தண்டேந்திய மேற்றிராணிமார் ஒருபால். மட்டக் குதிரைகளில் ஈட்டியோடு ஆரோகணித்த வீரர் ஒருபால். பலகையின் மூலைக் கட்டங்களில், நாம் யானையை வைக்கும் இடத்தில், கேடயமும் வாளும் ஏந்திய காவல் வீரர் நிற்கின்றனர். அவர்களுட் சிலர் போர்வெறி மீதூரத் தம் கேடயத்தின் விளிம்பைப் பற்களாற் கடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு சிறுவன் வாய்விட்டுச் சிரித்தான். காலாட்களுக்கோ முகமே இல்லை. அவர்கள் வெறுங் கல்வடிவினர். நம் பழந்தமிழர் மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்களையே அவை எமக்கு நினைவூட்டின.

இக்காய்களின் வரலாறு சுவையானது. ஸ்கொத்லாந்தின் வடமேற்கே, அத்திலாந்திக் கடலில் லூயிஸ் என்றொரு தீவு உளது. அதன் மேற்குக் கரையிலுள்ள ஊயிக் என்னும் குடாவின் மணலினின்றும் இவை கிடைத்தன. 1831 ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் முதன்முதலாக அறிஞர் முன் வைக்கப்பட்டன. கிடைத்த பொருள்கள் மொத்தம் 93. அவற்றுள் 78 சதுரங்கக் காய்கள். 14 வேறோர் ஆட்டத்துக்குரிய வட்டக் காய்கள். ஒன்று இடைவார்க் கொளுவி. இன்று 82 பொருள்கள் இலண்டனுக்கும் 11 எடின்பரோவிலுள்ள தேசிய நூதனசாலைக்கும் உரியன. பெரும்பாலானவை வோல்ரஸ் என்னும் வடகடல் விலங்கின் தந்தத்தாலும், சில திமிங்கிலப் பல்லாலும் ஆனவை. ஏறக்குறைய 1150 இற்கும் 1200 இற்கும் இடையில், நோர்வே நாட்டின் துரொண்ட்ஹைம் நகரிற் செய்யப்பட்டன என்பது அறிஞர் பலரின் கருத்து. ஐஸ்லாந்திற் செய்யப்பட்டன என்பாரும் உளர். 1266 ஆம் ஆண்டு வரை லூயிஸ் தீவு நோர்வே மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையின், அவை அங்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் உளது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையை உறுப்பாகக்கொண்டு பாரத நாட்டிற் பிறந்த ஆட்டமன்றோ இது! பாரசீகத்துக்கும் பின்னர் அராபியரிடத்தும் சென்று, கடல் பல கடந்து, பனி உறையும் நோர்வேயை எய்தியபோது அது தன் உடையை மாற்றிக்கொண்டது. யானையைக் கண்டறியாத நாட்டில் யானை மேற்றிராணியாராயிற்று, அமைச்சர் அரசியாராயினர், தேர் காவல் வீரனாயிற்று. இங்கோ, தமிழகத்தில் நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில், இறைவனே அரசகுமாரியுடன் சதுரங்கமாடி வென்று அவளை மணந்தான் எனத் தலபுராணம் கூற, அவனுக்குச் சதுரங்க வல்லபநாதன் என்று பெயர் வழங்குகின்றது. ஊர்தோறும் மக்கள் தம் அரசரையும் தெய்வத்தையும் தம் முகச்சாயலையும் இவ்வாட்டத்துக்கு அளித்துவிட்டனர். அழகிய காய்களின் முதற் கவர்ச்சி இதுவே என்று எமக்குத் தோன்றியது. ஒரு தொகுதிக் காய்களை உடையவன் ஒரு நாட்டையே சிறு பெட்டியில் அடக்கி வைத்திருக்கின்றான்.

நிற்க. சிறுவன் அறிவிப்புப் பலகையைப் படித்துக் கணக்குப் போடலானான். 78 காய்களுள் அரசர் எண்மர், அரசியர் எண்மர், மேற்றிராணிமார் பதினறுவர். ஆகவே நான்கு தொகுதிகள் எனக் கொள்ளலாம். ஆனால், குதிரை வீரர் பதினைவரே உளர்; காவல் வீரர் பன்னிருவரே. அறுபத்துநால்வர் இருக்க வேண்டிய காலாட்களோ பத்தொன்பதின்மர் மாத்திரமே. "அரசரில் ஒருவருமே தொலையவில்லை மாமா, காலாளில் நாற்பத்தைந்து பேரைக் காணவில்லை" என்றான் அவன். போர் எதுவாயினும் கணக்கு இவ்வாறே முடிகின்றது போலும் என எண்ணியபோது, எம் நெஞ்சம் இலண்டனை விட்டு யாழ்ப்பாணம் சென்றுவிட்டது.

எம் இல்லத்தில் ஒரு சதுரங்கத் தொகுதி உளது. தந்தையாரின் இளமைக் காலத்தில், எமதூர்த் தச்சர் ஒருவர் கடைந்து கொடுத்தது. கருங்காய்கள் கருங்காலியால் ஆனவை. வெண்காய்களுக்கு மஞ்சள் நிறப் பலா மரம். குதிரைகள் நான்கையும் அவர் உளியாற் செதுக்கியிருந்தார். குதிரை வாகனத்தைத் தேர்முட்டியிற் கண்டு பழகிய கையாதலால், அக்குதிரைகள் யாவும் சாமியைச் சுமப்பனபோற் கழுத்தை நிமிர்த்தி நின்றன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, மழையில் ஊரே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எமக்கு வயது பதினாறு. கையில் எடுத்தவை சில உடுபுடைவைகளும் அரிசியும் காணி உறுதிகளுமே. சதுரங்கப் பெட்டி அலுமாரியிலேயே தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, பெட்டியும் இல்லை. கிணற்றடியிலும் வேலியோரத்திலும் புல்லிடையிலுமாகக் காய்களைப் பொறுக்கினோம். 25 கிடைத்தன. காலாட்கள் அறுவரும் கருங்குதிரை ஒன்றும் கிடைத்தில. தந்தையார் அவற்றைக் கழுவி, நல்லெண்ணெய் பூசித் துடைத்து, காலாட்களுக்குப் பதிலாகப் போத்தல் தக்கைகளையும், குதிரைக்குப் பதிலாகச் சாவியற்ற சிறு பித்தளைப் பூட்டொன்றையும் வைத்தார். அன்று தொட்டு எம் இல்லத்தில் அது 'பூட்டுக் குதிரை' என்றே வழங்கலாயிற்று. புதிதாய் ஒரு குதிரை செய்விக்கலாமே எனப் பன்முறை கூறினோம். தந்தையார் தலையசைத்து வாளாவிருந்தார்.

பிரித்தானிய நூதனசாலையின் பேழை முன் நின்றபோது இவையெல்லாம் நினைவில் வந்தன. லூயிஸ் காய்களிலும் ஒரு குதிரை குறைகின்றது என்பதை அறிந்தபோது, எண்ணூறு ஆண்டு மூத்த அக்காய்களோடு எமக்கு உறவு முறை ஏற்பட்டது போலிருந்தது.

தொலைந்தவற்றுள் ஒன்று மீண்ட கதையும் கேட்கத் தக்கது. 1964 ஆம் ஆண்டில், எடின்பரோவிலிருந்த பழம்பொருள் வணிகர் ஒருவர், தந்தத்தாலான சிறு வீரன் உருவம் ஒன்றை 5 பவுணுக்கு வாங்கினார். அதன் பெருமையை அவர் அறிந்திலர். அவர்க்குப் பின் அது அவர் மகளிடம் சென்றது. அவ்வம்மையார் அதனை இழுப்பறையில் வைத்திருந்து, இடையிடையே எடுத்துப் பார்த்து மகிழ்வாராம். அதனிடத்து ஏதோ ஒரு மந்திர சக்தி உண்டெனவும் கருதினாராம். பின்னர் குடும்பத்தார் அதனை ஏலக் கூடத்தாரிடம் காட்டியபோது, அது லூயிஸ் தொகுதியிற் காணாமற்போன காவல் வீரருள் ஒருவனே எனத் தெரியவந்தது. 2019 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது 7,35,000 பவுணுக்கு விலைபோயிற்று. அப்பெருந்தொகையினும், விலையறியாது அதனை எடுத்தெடுத்துப் பார்த்த அம்மையாரின் மகிழ்ச்சியே எமக்குப் பெரிதாகப் பட்டது. உடைமையின் இன்பம் முழுவதும் அவ்விழுப்பறையில் இருந்தது. ஏலக் கூடத்தில் இருந்தது விலை மாத்திரமே.

பின்பு கீழ்த்தளத்துக்கு இறங்கி, ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிற் சிற்பங்கள் வைக்கப்பட்டுள்ள நீண்ட கூடத்துட் புகுந்தோம். அங்கே சந்திர தேவியாகிய செலினியின் தேரிழுத்த குதிரையின் தலை ஒன்று உளது. இரவெல்லாம் ஓடிக் களைத்து, நாசி விரிய, வாய் பிளந்து, கண் பிதுங்க நிற்கும் அக்குதிரையின் சாயலிலேயே இக்காலச் சதுரங்கக் குதிரை அமைந்தது என்பர். 1849 ஆம் ஆண்டில் நதானியேல் குக் என்பார் பதிவு செய்து, ஜாக்குவிஸ் என்னும் இலண்டன் தொழிலகத்தார் செய்து விற்ற அக்காய்களுக்கு, அந்நாளைய பேராட்டக்காரர் ஹவார்ட் ஸ்டோண்டன் தம் பெயரை அளித்தார். அதற்கு முன்பிருந்த காய்கள் பல, மெல்லிடையும் சிறு அடியும் உடையனவாய்க் கைபட்டால் வீழ்ந்தன. ஒன்றுக்கொன்று வேற்றுமை தெரியாமலும் மயக்கின. ஸ்டோண்டன் காய்களோ அகன்ற அடியும், உள்ளே ஈயப் பாரமும், பார்த்தவுடன் இன்னதெனத் தெரியும் தலையும் உடையன. உலகப் போட்டிகளில் இன்று ஆடப்படுவன இவ்வகையினவே. லூயிஸ் காய்கள் கண்டு மகிழ்தற்குரியன எனின், ஸ்டோண்டன் காய்கள் ஆடி மகிழ்தற்குரியன. அழகையும் பயனையும் ஒருங்கே கூட்டியமையே அவற்றின் வெற்றி.

மறுநாள், "காய்கள் மட்டுமே விற்கும் கடை ஒன்று உண்டு மாமா" என்று சிறுவன் எம்மை அழைத்துச் சென்றான். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து, குதிரை ஒன்றை எடுத்து எம் உள்ளங்கையில் வைத்தார். உள்ளபடி கூறுகின்றோம்: அக்கணத்தில் எம் உள்ளம் எம் வயப்பட்டிலது. மை போலக் கறுத்த கருங்காலி, பட்டுப்போன்ற மெருகு, அடியில் ஒட்டிய பச்சைக் கம்பளம், கைக்கு அடங்கிய இனிய பாரம். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. விலை 450 பவுண்! எங்கே செய்தது என வினவினோம். பஞ்சாபிலுள்ள அமிருதசரசில் என்றார் அவர். உலகெங்கும் விலைபோகும் உயர்ந்த மரக் காய்கள் பல அந்நகரத்துத் தொழிலாளராற் செய்யப்படுகின்றன. குதிரையைச் செதுக்குவதற்கென்றே தனித் தேர்ச்சி பெற்றோர் உளர். தொகுதியின் விலையிற் பெரும் பங்கு குதிரைகளுக்கே உரியது. கருங்காலி வகைகளுட் சிறந்ததெனத் தச்சுத் தொழிலார் போற்றுவது 'சிலோன் எபொனி' என நம் நாட்டின் பெயர் பூண்டதையே. பாரதத்திற் பிறந்த ஆட்டம், ஆங்கிலேயர் வகுத்த வடிவில், பஞ்சாபியர் கைத்திறனால், நம் வன்னிக் காட்டிலும் வளரும் ஒரு மரத்தின் பெயரைத் தாங்கி, இலண்டன் கடையில் எம் கையில் இருந்தது.

இவ்வாசைக்கு மறுபக்கமும் உண்டு. பிரித்தானியர் காலத்தில், வங்காளத்துப் பெர்காம்பூரிலும் ஆந்திரத்து விசாகப்பட்டினத்திலும், வெள்ளைத் துரைமார் வாங்கும் பொருட்டுத் தந்தக் காய்கள் செதுக்கப்பட்டன. அம்பாரி வைத்த யானைகளும், ஒட்டகங்களும், சிப்பாய்களுமாக அவை கண்ணைப் பறிப்பன. ஆயின், யானைக் காய் செய்தற்கு மெய்யான யானை மாண்டது. 1989 ஆம் ஆண்டிலே நாடுகள் கூடித் தந்த வணிகத்துக்குத் தடை விதித்தன. நம் நாட்டிற் கருங்காலி மரமும் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. அழகிய பொருளை ஆசையோடு நோக்கும்போது, அதன் விலையை யார் கொடுத்தார் என்றும் வினவுதல் முறையாகும். நூதனசாலைகளுக்கும் இவ்வினா உண்டு. பார்த்தினன் சிற்பங்களைக் கிரேக்கர் திருப்பிக் கேட்டுவருகின்றனர். லூயிஸ் காய்களுள் ஆறு இப்போது அத்தீவின் ஸ்டோர்னவே நகரிலுள்ள நூதனசாலைக்கு நீண்டகாலக் கடனாக அளிக்கப்பட்டு, தம்மைக் காத்த மண்ணுக்கு அணித்தாகவே வைக்கப்பட்டுள்ளன.

அன்றிரவு தங்கை, "அண்ணா, அந்தக் காய்களை அப்பாவுக்கு நான் வாங்கித் தாறன்" என்றாள். நாம் இரவெல்லாம் சிந்தித்தோம். வாங்கினால் யாது நிகழும்? அவை கண்ணாடி அலுமாரி ஏறும். வருவோர்க்கு விலை கூறிக் காட்டப்படும். பிள்ளைகள் தொட்டால் அதட்டு விழும். ஆடுவதற்குப் பழைய காய்களே எடுக்கப்படும். எனவே வேண்டாம் என்றோம். ஆயினும், வெறுங்கையோடு திரும்ப மனமின்றி, மீண்டும் நூதனசாலைக்குச் சென்று, அங்குள்ள விற்பனைக் கூடத்தில் லூயிஸ் குதிரை வீரனின் மாதிரி உருவம் ஒன்றை வாங்கினோம். பூட்டின் இடத்தை அது நிரப்பும் என்பது எம் எண்ணம்.

வீடு வந்து அதனைத் தந்தையாரின் கையில் வைத்தோம். கண்பார்வை மங்கிய அவர், குதிரையின் முகத்தையும் வீரனின் தொப்பியையும் விரல்களாற் தடவித் தடவிப் பார்த்தார். நாம் கண்டவை அனைத்தையும் ஒன்றும் விடாது கேட்டறிந்தார். கேடயம் கடிக்கும் வீரனைப் பற்றிக் கூறியபோது சிரித்தார். பின்பு, "நல்ல வடிவாய்த்தான் இருக்கு, தம்பி. ஆனால் பாரம் காணாது" என்று கூறி, அதனைச் சாமியறை மாடத்தருகே வைத்துவிட்டு, பழைய பையைக் கொண்டுவரச் சொன்னார். காய்களை அடுக்கினோம். கருங்குதிரையின் கட்டத்தில் அவர் வழக்கம்போல் பூட்டையே வைத்தார்.

பல ஆண்டுகளாகக் கேளாதிருந்ததை அன்று கேட்டோம்: "ஐயா, ஏன் ஒரு குதிரை செய்விக்காமலே இருந்துவிட்டீர்கள்?"

தந்தையார் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். "அந்தத் தச்சர் திரும்பி வருவார் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன், தம்பி" என்றார்.

அவர் திரும்பி வந்திலர். அவ்விடப்பெயர்வில் எங்குச் சென்றார், யாதாயினார் என்பதை ஊரார் எவரும் அறிந்திலர். இத்துணை ஆண்டுகளாக அப்பூட்டு அவரது இடத்தைக் காத்து நின்றது என்பதை நாம் அன்றே அறிந்துகொண்டோம்.

அழகிய காய்களை உடைமையாகக் கொள்ளும் ஆசை தவறன்று. அந்த இலண்டன் குதிரையின் பாரம் இன்றும் எம் உள்ளங்கையில் உளது. பொருள் வசதி உண்டாயின் வாங்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய நாம் ஆயத்தமில்லை. ஆயின், காய்களின் அழகில் ஒரு பாதியே செதுக்கியவன் தந்தது. மறு பாதி, ஆடிய கைகள் தருவது. வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்து அலுமாரியின் மேற்தட்டிலும் ஒரு சதுரங்கப் பெட்டி இருத்தல் கூடும். இன்று ஞாயிற்றுக்கிழமை, அதனை இறக்கித் தூசி தட்டுங்கள். ஒரு காய் குறைந்தாற் குற்றமில்லை. கைக்கெட்டிய ஏதேனும் ஒன்றை அதன் இடத்தில் வைத்து, வீட்டிலுள்ள மூத்தவரை எதிரே அமரச் செய்யுங்கள். முதற் காலாளை நகர்த்தும் உரிமையை அவர்க்கே கொடுங்கள்.